மைனர் டெபாசிட்: காப்பாளராகக் கையெழுத்துப் போட்ட ஒரு அம்மாவின் மதிப்புரை

மகனுடைய பழைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் அவன் பெயர், அதன் கீழே ‘மைனர்’, அதற்கும் கீழே என் பெயர், பக்கத்தில் ‘தாய், காப்பாளர்’ என்று அச்சாகியிருக்கும். 2025 ஆகஸ்டில் அவனுக்கு 18 முடிந்தது. புதுப் பாஸ்புக்கில் என் பெயர் இல்லை. அவன் பெயரில் ஆறு வருடமாகக் கிடந்த டெபாசிட் இப்போது அவன் கைக்கு வந்துவிட்டது.

கணவர் 2018 பிப்ரவரியில் இறந்தார். அப்போது மகனுக்குப் பத்தரை வயது, மகளுக்கு நாலரை. அன்றிலிருந்து இவர்கள் பணத்தை மைனர் சேமிப்புக் கணக்கு, கோர்ட்டு உத்தரவில் போட்ட எஃப்.டி. (நிரந்தர வைப்பு), செல்வமகள் சேமிப்பு, மைனர் பெயரில் மியூச்சுவல் ஃபண்டு என நான்கு இடங்களில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எது எப்படி இருந்தது என்று என் நிலையில் இருக்கும் ஒருவருக்காவது தெரிந்தால் அலைச்சல் மிச்சம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் எது பிள்ளைகள் பணம், எது என் பணம் என்று பிரிக்க வேண்டியிருந்தது. எல்லாம் எனக்குத்தான் வரும் என்று நானே நினைத்திருந்தேன், தவறு. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சம்பாத்தியம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய அம்மாவுக்கும் சமமாகப் பிரியும். எங்கள் வீட்டில் நான், மகன், மகள், அத்தை என்று நாலு பங்கு. வங்கியில் நாமினி நான்தான், ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். இன்சூரன்ஸ் மட்டும் வேறு. 2015இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, மனைவியோ பிள்ளைகளோ பெற்றோரோ நாமினியாக இருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம்.

பி.எஃப். அலுவலகத்தில் இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு வரும் ஓய்வூதியத்தில் 25 சதவீத அளவுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஓய்வூதியம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை கிடைக்கும். தொகை சின்னதுதான், ஆனால் அதற்காகத்தான் இருவருக்கும் முதல்முறையாகத் தனிக் கணக்கு ஆரம்பித்தேன்.

அந்தக் கணக்கு ஆரம்பித்த நாளை மறக்க முடியாது. நான் முதலில் போன கிளையில் கவுன்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா இல்லைன்னா பசங்களோட தாத்தா இல்ல பெரியப்பா யாராவது வந்து கார்டியனா கையெழுத்துப் போடட்டும் மேடம்” என்றார். இறப்புச் சான்றிதழை நீட்டினேன், வாரிசுச் சான்றிதழை நீட்டினேன். மேனேஜரைப் பார்க்கச் சொன்னார். மேனேஜர் அன்றைக்கு லீவு. மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன்.

அப்பாவுக்குப் பிறகு அம்மாதான் இயற்கைக் காப்பாளர் என்று அதே 1956இல் வந்த இந்து மைனர், காப்பாளர் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அப்பா உயிரோடு இருந்து பொறுப்பில் இல்லாமல் போனாலும் அம்மா காப்பாளராகலாம் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வழக்கு ஆரம்பித்ததே மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப்போன ஒரு அம்மாவிடம் அப்பா கையெழுத்து வேண்டும் என்று சொன்னதில்தான். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது, பின்னால் வக்கீல் சொல்லித்தான் தெரியும். தெரிந்திருந்தால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். வேறு வங்கியில் இருபது நிமிடத்தில் முடிந்தது.

மைனர் சேமிப்புக் கணக்கைப் பற்றி இனி குறை ஒன்றும் இல்லை. கடன், ஓவர்டிராஃப்ட் எதுவும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. பத்து வயதுக்கு மேல் பிள்ளையே தனியாக இயக்கும் கணக்கும் உண்டு. மகனுக்கு 14 வயதில் அப்படி ஒன்று தனியாக ஆரம்பித்து, கைச்செலவுக்கு மட்டும் வைத்தேன். வாரிசுப் பணத்தை அதோடு கலக்கவில்லை. சேமிப்புக் கணக்குக்கு 5க்கு 4.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

கணவர் பெயரில் ஒரு காலி மனை இருந்தது. வாடகை வராது, வரி மட்டும் கட்ட வேண்டும், வேலி போட்டுக் காவல் காக்கவும் ஆள் இல்லை. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். வாங்க வந்தவர் முன்பணம் கொடுக்கத் தயார். ஆனால் அவருடைய வக்கீல் ஈ.சி.யையும் (வில்லங்கச் சான்றிதழ்) வாரிசுச் சான்றையும் பார்த்துவிட்டு, “ரெண்டு மைனர் பங்கு இருக்கு. கோர்ட்டு பர்மிஷன் இல்லாம வாங்காதீங்க” என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளைகளின் பங்கை விற்க நான் யாரைக் கேட்க வேண்டும்?

கேட்டே ஆக வேண்டும். மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ பெற்ற தாயானாலும் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் விற்றால் அந்தப் பிள்ளை 18 முடிந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு, தன் பங்கு விற்பனையை ரத்து செய்யச் சொல்லலாம். அந்த வக்கீல் பயந்தது இதற்குத்தான். (இது இந்துக்களுக்கான சட்டம். மற்ற மதத்தினருக்கு 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் வழி வேறு மாதிரி. உங்கள் வக்கீலிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். பதினோரு மாதம் ஆனது. வாய்தா, அடுத்த வாய்தா, ஒருமுறை நீதிபதி மாற்றம். ஏன் விற்க வேண்டும், என்ன விலைக்கு, கைடுலைன் வேல்யூ (அரசு வழிகாட்டி மதிப்பு) எவ்வளவு, பிள்ளைகளுக்கு இதில் என்ன நன்மை என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, கூண்டிலும் ஏறிச் சொன்னேன். அத்தையும் வந்து சம்மதம் சொன்னார். 2019 நவம்பரில் உத்தரவு வந்தது. 24 லட்சத்துக்கு விற்கலாம், மைனர்கள் பங்கு தலா 6 லட்சத்தை ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவர்கள் மேஜராகும்வரை டெபாசிட் செய்ய வேண்டும், ரசீதைக் கோர்ட்டில் காட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் காப்பாளர் நேரடியாக எடுத்துப் படிப்புக்கும் பராமரிப்புக்கும் செலவழிக்கலாம், அசலைத் தொட வேண்டுமென்றால் மறுபடி மனுப் போட வேண்டும்.

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. என்னை நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் அந்த வரிக்கு நன்றி சொன்னேன். மனை விற்ற செய்தி பரவியதும் கேட்க வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. தொழிலுக்கு மூன்று லட்சம், இரண்டே மாதத்தில் தந்துவிடுகிறேன் என்று ஒருவர். கல்யாணச் செலவுக்கு என்று இன்னொருவர். “பசங்க பணம்தானே, அவங்க பெரியவங்க ஆக இன்னும் எவ்வளவு காலம் இருக்கு” என்று கேட்ட நெருங்கிய உறவும் உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: “கோர்ட்டுல இருக்கு.” இல்லை என்று சொல்லத் தெரியாத எனக்கு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லும் வசதி கிடைத்தது. இதற்காகவே இந்த எஃப்.டி.க்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம் என்று தோன்றும்.

முழுசும் கொடுக்க மாட்டேன். வட்டி 6.25 சதவீதத்தில் பூட்டிக்கொண்டது. 2020இல் வங்கிகள் ஐந்தரைக்குப் பக்கத்தில் இறங்கியபோது நல்லதாகப் போயிற்று. 2023இல் ஏழைத் தாண்டி ஏறியபோது, முறித்து மறுபடி போட வழி இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண மைனர் எஃப்.டி.யாக இருந்தால், மைனரின் நன்மைக்காகத்தான் முறிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து முறித்திருக்கலாம். அப்புறம் டெபாசிட் காப்பீடு இப்போது ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான். என் கணக்கும் பிள்ளைகள் கணக்குகளும் தனித்தனியாகத்தான் எண்ணப்படும், ஆனால் ஆளுக்கு 6 லட்சத்தை ஒரே வங்கியில் போட்டால் மேலே உள்ள தொகைக்குக் காப்பீடு இல்லை. மனுப் போடும்போதே இரண்டு வங்கியில் பிரித்துப் போட அனுமதி கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

வரி விஷயத்தில் நான் ஒரு வருடம் ஏமாந்தேன். வாரிசாக வரும் பணத்துக்கு இந்தியாவில் வரி இல்லை, எஸ்டேட் வரியை 1985லேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டிக்கு உண்டு. ஒரு பிள்ளைக்கு வருடம் 37,500 ரூபாய் வட்டி. அப்போது 40,000க்கு மேல் போனால்தான் வங்கி டி.டி.எஸ். (வட்டி தரும்போதே கழிக்கும் வரி) பிடிக்கும், அதனால் ஒன்றும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லையென்றால் கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மைனரின் வட்டி பெற்றவரின் வருமானத்தோடு சேரும் என்று ஆடிட்டர்தான் சொன்னார். இரண்டு பேர் வட்டியும் சேர்ந்து 75,000 என் சம்பளத்தின் மேல் ஏறியது. பழைய வரி முறையில் ஒரு குழந்தைக்கு 1,500 ரூபாய் கழித்துக்கொள்ளலாம், புது முறையில் அதுவும் கிடையாது. அம்மா, அப்பா இருவருமே இல்லாத பிள்ளை என்றால் தாத்தா, மாமா வருமானத்தோடு சேர்க்க மாட்டார்கள், பிள்ளையின் பெயரிலேயே காப்பாளர் கணக்குக் காட்ட வேண்டும்.

கோர்ட்டு எஃப்.டி.க்கு 5க்கு நாலரை.

மகள் பங்கின் வட்டி மூன்று மாதத்துக்கு 9,375 ரூபாய். அவளுக்கு அப்போது ஆறு வயது, பள்ளிக் கட்டணத்தை என் சம்பளத்திலேயே சமாளித்தேன். அதனால் வட்டியை அப்படியே தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினேன். பத்து வயதுக்குள் இருக்கும் பெண் பிள்ளைக்கு ஆரம்பிக்கலாம், வருடம் 250 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை 15 வருடம் கட்டலாம், 21 வருடத்தில் முதிர்வு. வட்டிக்கு வரி இல்லை. நான் ஆரம்பித்தபோது 8.4, நடுவில் 7.6க்கு இறங்கி, 2024 ஜனவரியிலிருந்து 8.2. மேல்படிப்புக்கு 18 வயதிலோ பத்தாவது முடித்த பிறகோ பாதி எடுக்கலாம். எனக்குப் பிடித்த இன்னொன்று, 18 ஆனதும் கணக்கு அவள் கைக்கே போய்விடும். முழுசாக 5க்கு 5. மகனுக்கு இதற்கு இணையாக ஒன்று இல்லையே என்ற வருத்தம் மட்டும் உண்டு.

மியூச்சுவல் ஃபண்டில் மகள் பெயரில் கொஞ்சம் போட்டேன், அவளுக்குப் பாட்டி கொடுத்த பணத்தில். மைனர் ஃபோலியோவில் (ஃபண்டுக் கணக்கு) பிள்ளை ஒருவர்தான் உரிமையாளர், கூட்டுப் பெயர் போட முடியாது. பணம் எடுத்தால் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே போகும், என் கணக்குக்கு வராது. நல்ல ஏற்பாடு. 18 ஆனதும் பான், கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) எல்லாம் மாற்றும்வரை ஃபோலியோ முடங்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அது முடங்கினால் சிரமம். இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் மதிப்பெண் சொல்ல மாட்டேன்.

ஒன்றுக்கு மட்டும் பூஜ்யம். டெபாசிட் போடப்போன நாளில் கிளையிலேயே ஒரு இளைஞர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பி.எஃப். பங்கை ‘சில்ட்ரன் பிளானில்’ போடச் சொன்னார். வருடம் ஒரு லட்சம், பத்து வருடம். “ரெண்டாவது வருஷம் கட்டுறதுக்குப் பணம் எங்கிருந்து வரும் தம்பி?” என்று கேட்டேன். பதில் இல்லை. புருஷனை இழந்து ஒன்றே முக்கால் வருடம் ஆன ஒருத்தியிடம், அவள் பிள்ளைகளின் பணத்தைப் பார்த்துக்கொண்டே அப்படிப் பேசியதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மொத்தமாக வந்த பணத்தை வருடாவருடம் கட்ட வேண்டிய திட்டத்தில் கொண்டுபோய் மாட்டாதீர்கள்.

மகனுக்கு 18 ஆனபோது பணம் தானாக வந்து விழுந்துவிடவில்லை. ஆகஸ்டில் பிறந்தநாள், செப்டம்பரில் போனால் கணக்கு முடங்கியிருந்தது. புது கே.ஒய்.சி., பான், போட்டோ, மாதிரிக் கையெழுத்து, அதற்கு மேல் கோர்ட்டிலிருந்து ஒரு கடிதமும் வேண்டும் என்றார்கள். உத்தரவிலேயே ‘மேஜராகும்வரை’ என்றுதானே இருக்கிறது என்று வாதாடிப் பார்த்தேன். கடைசியில் வக்கீல் ஒரு மனுப் போட்டு, கடிதம் வாங்கித் தர ஏழு வாரம் பிடித்தது. கல்லூரியில் முதல் கட்டணத்தை என் பணத்தில் கட்டினேன். உங்கள் வீட்டில் 17 நடக்கும்போதே பான் கார்டுக்கும் ஆதாரைச் சரிபார்ப்பதற்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மாதிரிக் கையெழுத்து அட்டையில் அவன் போட வேண்டிய கட்டம் ஒரு விரல் அகலம்தான். வீட்டிலேயே பழைய நோட்டின் பின்பக்கத்தில் முப்பது நாற்பது தடவை போட்டுப் பழகியிருந்தான். பேரை முழுசாகத் தமிழில் எழுதி, கடைசியில் அப்பா பெயரின் முதல் எழுத்து. ஊழியர் பார்த்துவிட்டு, “இதே மாதிரி எப்பவும் போடணும் தம்பி” என்றார். தலையாட்டினான். அவனுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அன்றைக்கு எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை.

நான் செய்ததில் உருப்படியான ஒன்று, ஒரு நீண்ட அக்கவுன்ட் நோட்டு. இடது பக்கம் மகன், வலது பக்கம் மகள். வட்டி வந்த தேதி, எடுத்த தொகை, எதற்கு, ரசீது எண். யாரும் வைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் வைத்தேன். வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜை இதில் எழுதவில்லை, அது என் கணக்கு. மகனுக்கு வாங்கிய லேப்டாப்பை எழுதினேன். எது என் கடமை, எது அவன் பணத்தில் செய்யலாம் என்று யோசித்து யோசித்து, சில இரவுகள் தூக்கம் போயிருக்கிறது. எனக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்ற கவலையும் அந்த நோட்டை எழுதும்போதுதான் வந்தது. விதவைத் தாய் தன் உயிலில் பிள்ளைகளுக்குக் காப்பாளரை நியமிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. என் தம்பியைக் கேட்டு, அவன் சம்மதித்த பிறகு அவன் பெயரை எழுதி வைத்தேன்.

பணம் வந்த வாரத்தில் மகனை உட்கார வைத்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து காட்டினேன். வேகமாகப் புரட்டிக்கொண்டு வந்தவன் 2020 ஜூனில் நின்றான். ‘வீட்டு வாடகைக்கு எடுத்தது 14,000’ என்று இருந்தது. ஊரடங்கில் எனக்குப் பாதிச் சம்பளம் வந்த மாதங்கள் அவை. கீழே ஏழு வரிகளில் 2,000, 2,000 என்று திருப்பிப் போட்டதும், 2021 ஜனவரியில் தனியாக 300ம் இருந்தது.

“இது எதுக்கும்மா 300?”

“வட்டிடா. கணக்குலயே கிடந்திருந்தா உனக்கு வந்திருக்கும்ல, அதான் கொஞ்சம் சேர்த்துப் போட்டேன்.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தான். அப்புறம் தன் பக்கங்களையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டான். நோட்டு என்னிடமே இருக்கிறது. வலது பக்கம் 2031 செப்டம்பர் வரை எழுத வேண்டும். இந்தக் காலாண்டு வட்டியை நேற்றுதான் பதிந்தேன்.